கண்டறிந்த பிறகு என்ன? பெருந்தொற்றும் பெருந்திரள் பரிசோதனையும்

வடக்கு இத்தாலியில், படுவா நகரத்துக்குப் பக்கத்தில் வோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை 3,200-ஐ ஒட்டித்தான். 2020 பிப்ரவரி 21 அன்று அந்த ஊரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் கொரோனாவுக்குப் பலியானார். இத்தாலியில் அந்நோயால் நிகழ்ந்த முதல் மரணம் அது. நிர்வாகம் ஊரின் எல்லைகளை 14 நாட்களுக்கு மூடியது. காய்ச்சல், இருமல் இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் பரிசோதனைக்கு வரலாம் என்று அறிவித்தது. ஊரில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வந்து மூக்கு, தொண்டையிலிருந்து சளி மாதிரி கொடுத்தார்கள். அவர்களில் 2.6 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுத்த பரிசோதனையில் அது 1.2 சதவீதமாக இறங்கியிருந்தது.

படுவா பல்கலைக்கழகத்தின் ஆந்திரேயா கிரிசாந்தி குழுவினர் இந்த முடிவுகளை ஆராய்ந்தபோது இன்னொரு செய்தி வெளிப்பட்டது. தொற்று உறுதியானவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அவர்களிடமிருந்த வைரஸின் அளவோ, அறிகுறி உள்ளவர்களிடம் இருந்ததற்குக் குறைந்ததாக இல்லை. காய்ச்சல் வந்தவர்களை மட்டும் தேடிப்பிடித்தால் நோயின் பெரும்பங்கு கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதை அந்தச் சிற்றூர் உலகத்துக்குச் சொன்னது.

அடுத்த மூன்றாண்டுகளில் பெருந்திரள் பரிசோதனையை நாடுகள் பலவிதமாகச் செய்து பார்த்தன. சில இடங்களில் அது உயிர்களைக் காத்தது. சில இடங்களில் பெரும் பணம் செலவழிந்தும் பரவல் நிற்கவில்லை. சில இடங்களில் அதுவே மக்களுக்குச் சுமையானது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? அடுத்த பெருந்தொற்று வருமுன் விடை தேட வேண்டிய கேள்வி இது.

ஒரு சோதனை, மூன்று வேலைகள்

பரிசோதனை என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. நோயாளிக்கு என்ன நோய் என்று உறுதிசெய்து சிகிச்சை தருவது முதல் வேலை. ஊரில் எவ்வளவு பேருக்கு நோய் இருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அளப்பது இரண்டாவது. தொற்றியவரை அவர் பிறருக்குப் பரப்புமுன் கண்டுபிடித்து, பரவல் சங்கிலியை அறுப்பது மூன்றாவது.

மூன்றுக்கும் தேவைகள் வேறு. சிகிச்சைக்குத் துல்லியம் வேண்டும். அளப்பதற்கு எல்லோரையும் சோதிக்க வேண்டியதில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் பேர் போதும். சங்கிலியை அறுக்க வேகம் வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் பல அரசுகள் 'இன்று இத்தனை லட்சம் பரிசோதனைகள்' என்ற எண்ணிக்கையையே சாதனையாக அறிவித்துக்கொண்டிருந்தன.

முந்திக்கொண்ட கொரியா

2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் சீன ஆய்வாளர்கள் புதிய வைரஸின் மரபணு வரிசையைப் பொதுவெளியில் வைத்தார்கள். சில நாட்களுக்குள் பெர்லினில் கிறிஸ்டியான் திரோஸ்டன் குழு அதைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் முறையை உருவாக்க, உலக சுகாதார நிறுவனம் அதை எல்லா நாடுகளுக்கும் அளித்தது. அறிவியல் தன் பங்கைச் செய்துவிட்டது. மிச்சம் இருந்தது நிர்வாகத்தின் வேலை.

தென்கொரியா அதில் முந்திக்கொண்டது. 2015-இல் மெர்ஸ் நோய் அந்நாட்டில் 186 பேரைத் தாக்கி 38 பேரைக் கொன்றிருந்தது. பரிசோதனை தாமதமானதால் மருத்துவமனைகளே நோய் பரப்பும் இடங்களான அனுபவம் அது. அதன்பின், அவசரக் காலத்தில் புதிய சோதனைக் கருவிகளுக்கு விரைந்து அனுமதி தரச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020 ஜனவரி 27 அன்று சோல் ரயில் நிலையத்தில் நடந்த கூட்டத்தில் மருத்துவக் கருவி நிறுவனங்களை அரசு அழைத்துப் பேசியது. முதல் கருவிக்கு பிப்ரவரி 4 அன்று அனுமதி கிடைத்தது. அப்போது அங்கே நோயாளிகளின் எண்ணிக்கை இருபதைக்கூட எட்டவில்லை.

பிப்ரவரி நடுவில் தேகு நகரத்தின் மத சபை ஒன்றில் தொற்று வெடித்தபோது கருவிகள் கையில் தயாராக இருந்தன. காரில் அமர்ந்தபடியே மாதிரி கொடுக்கும் மையங்கள் திறக்கப்பட்டன. மாத இறுதியில் நாளொன்றுக்கு 900-ஐத் தொட்ட புதிய தொற்றுகள், மார்ச் நடுவில் 100-க்குக் கீழே வந்தன. நாடு தழுவிய ஊரடங்கு இல்லாமலே இது நடந்தது.

அதே வாரங்களில் அமெரிக்கா தடுமாறியது. நோய்க்கட்டுப்பாட்டு மையம் பிப்ரவரித் தொடக்கத்தில் ஆய்வகங்களுக்கு அனுப்பிய கருவிகளில் கோளாறு. பிற ஆய்வகங்கள் தாமே சோதனை உருவாக்கிப் பயன்படுத்தும் வழி பிப்ரவரி 29 அன்றுதான் எளிதாக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த ஆய்வகங்களைக் கொண்ட நாடு, வைரஸ் பரவிக்கொண்டிருந்த ஒரு மாதத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழித்தது.

கொரியாவைப் பற்றிச் சொல்லும்போது பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. அங்கே தனிமைப்படுத்தப்பட்டவரின் வீட்டுக்கு உணவுப் பொருட்கள் வந்தன. வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை கிடைத்தது. நோய் உறுதியானால் வருமானம் போய்விடுமே என்ற அச்சம் குறைந்தது. பரிசோதனைக்கு மக்கள் துணிந்து வந்ததில் இதற்குப் பங்கு உண்டு.

கணக்கு சொல்வது

எல்லோரையும் சோதிப்பது என்றதும் எழும் முதல் தடை, செலவு. இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையில் சேர வந்த லட்சக்கணக்கானோருக்கு சிபிலிஸ் நோய்ச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. ராபர்ட் டார்ஃப்மன் என்ற பொருளியலாளர் 1943-இல் ஒரு யோசனையை எழுதினார். உதாரணமாக, பத்துப் பேரின் மாதிரிகளைச் சேர்த்து ஒரே சோதனையாகச் செய்யுங்கள். நோய் இல்லை என்று வந்தால் பத்துப் பேரும் தப்பித்தார்கள். இருக்கிறது என்று வந்தால் மட்டும் பத்துப் பேரையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

நூறு பேரில் ஒருவருக்கு நோய் இருக்கும் ஊரில், இந்தக் கூட்டு முறையில் 100 பேரைச் சோதிக்கச் சராசரியாக 20 சோதனைகள் போதும். நூற்றில் பத்துப் பேருக்கு நோய் என்றால் 75 தேவைப்படும். நோய் மேலும் பரவினால் லாபமே இல்லாமல் போகும். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரலில் கூட்டுச் சோதனைக்கு அனுமதி தந்தபோது, தொற்று விகிதம் 2 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பகுதிகளுக்கே அதைப் பரிந்துரைத்தது. ஒரு கூட்டில் ஐந்து மாதிரிகளுக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. தொற்று குறைவாக இருக்கும்போதே தொடங்கினால்தான் பெருந்திரள் பரிசோதனை கட்டுப்படியாகும்.

இரண்டாவது தடை, பிழை. 10,000 பேர் உள்ள ஊரில் 100 பேருக்குத் தொற்று இருப்பதாகக் கொள்வோம். தொற்றுள்ளவரை 80 சதவீதமும் தொற்றில்லாதவரை 99 சதவீதமும் சரியாகச் சொல்லும் சோதனை ஒன்றை எல்லோருக்கும் செய்கிறோம். தொற்றாளர்களில் 80 பேர் பிடிபடுவார்கள், 20 பேர் தப்புவார்கள். நலமாக உள்ள 9,900 பேரில் 99 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் என்று வரும். ஆக, பாசிட்டிவ் வந்த 179 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் நோய் இல்லாதவர்கள். நோய் குறைவான ஊரில் உறுதிச் சோதனை இல்லாமல் அனைவரையும் சோதித்தால், அவர்கள் காரணமில்லாமல் முடங்க நேரும்.

துல்லியமா, வேகமா?

ஆர்டி-பிசிஆர் மிகச் சிறு அளவு வைரஸையும் கண்டுபிடிக்கும். ஆனால் ஆய்வகம் வேண்டும், நேரம் பிடிக்கும். ஆன்டிஜென் விரைவுச் சோதனை கால் மணி, அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும்; ஆனால் வைரஸ் குறைவாக இருந்தால் தவறவிடும். 2020-இல் எது சிறந்தது என்ற விவாதம் கடுமையாக நடந்தது.

ஹார்வர்டில் அப்போது பணியாற்றிய மைக்கேல் மினாவும் கொலராடோவைச் சேர்ந்த டேனியல் லாரமோரும் இணைந்து செய்த மாதிரிக் கணக்கீடு அந்த விவாதத்தைத் திசைதிருப்பியது. பரவலைத் தடுப்பதே நோக்கம் என்றால், எவ்வளவு அடிக்கடி சோதிக்கிறோம், முடிவு எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருகிறது என்பவையே முக்கியம். சோதனையின் நுண்மை அதற்குப் பிறகுதான் என்று அவர்கள் காட்டினார்கள். ஒருவர் பிறருக்கு அதிகம் பரப்பும் காலம் சில நாட்கள்தான். ஐந்து நாள் கழித்து வரும் மிகத் துல்லியமான முடிவு, அவர் பரப்ப வேண்டியதைப் பரப்பி முடித்த பிறகு வருகிறது. கார்னெல் பல்கலைக்கழகம் இளநிலை மாணவர்களை வாரம் இருமுறை கூட்டு முறையில் சோதித்து, 2020 இலையுதிர்காலப் பருவத்தில் வளாகத்தைத் திறந்து நடத்திக்காட்டியது.

மூன்று பெரும் பரிசோதனைகள்

சீனாவின் வூஹான் நகரம் 2020 மே 14 முதல் ஜூன் 1 வரை, ஆறு வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 99 லட்சம் பேரைச் சோதித்தது. அறிகுறியுள்ள புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை. அறிகுறியில்லாமல் பாசிட்டிவ் வந்தவர்கள் 300 பேர். அவர்களோடு நெருங்கிப் பழகிய 1,174 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. நோயை ஒழித்தது இந்தப் பரிசோதனை இல்லை. அதற்கு முன்பிருந்த கடுமையான ஊரடங்கு அதை ஏற்கெனவே செய்துவிட்டது. மீண்டும் வெளியே வரலாம் என்ற நம்பிக்கையை நகரத்துக்குத் தந்ததே இதன் பயன்.

ஸ்லோவாக்கியாவின் கதை வேறு. 54 லட்சம் மக்கள் கொண்ட அந்த நாடு, அக்டோபர் 31, நவம்பர் 1 ஆகிய இரண்டே நாட்களில் 36 லட்சம் பேருக்கு ஆன்டிஜென் சோதனை செய்தது. 38,359 பேருக்கு, அதாவது சுமார் ஒரு சதவீதத்தினருக்குத் தொற்று. பாசிட்டிவ் வந்தவர் குடும்பத்தோடு வீட்டிலிருக்க வேண்டும். சோதனைக்கு வராதவரும் வீட்டிலேயே இருக்க வேண்டும். தொற்று அதிகமிருந்த மாவட்டங்களில் அடுத்த வாரம் மறுபடியும் சோதித்தபோது தொற்று விகிதம் 58 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் காலத்தில் வேறு கட்டுப்பாடுகளும் நடப்பில் இருந்தன என்றாலும், ஆய்வாளர்கள் இந்தச் சரிவில் பரிசோதனைக்கும் குடும்பத் தனிமைக்கும் பெரிய பங்கு உண்டென்று கணித்தார்கள்.

ஆனால் பலன் நிலைக்கவில்லை. கட்டுப்பாடுகள் தளர, குளிர்காலத்தில் தொற்று மறுபடி ஏறியது. 2021 பிப்ரவரியில் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிக அதிக மரணங்கள் நிகழ்ந்த நாடுகளில் ஸ்லோவாக்கியாவும் ஒன்றாக இருந்தது. ஒரு வார இறுதியில் செய்த சோதனை சில வாரங்களை வாங்கித்தரும். அந்த வாரங்களில் என்ன செய்கிறோம் என்பது தனிக் கேள்வி.

மூன்றாவது, இங்கிலாந்தின் லிவர்பூல். 2020 நவம்பர் 6 முதல் ராணுவத்தின் துணையுடன், ஏறக்குறைய 5 லட்சம் மக்களுக்கு விரைவுச் சோதனை திறந்துவிடப்பட்டது. விருப்பப்பட்டவர் வரலாம். பிசிஆர் கண்டுபிடித்தவர்களில் 40 சதவீதத்தினரையே இந்தச் சோதனை கண்டுபிடித்தது. வைரஸ் மிகுந்தவர்களிடம் அது நன்றாகவே வேலை செய்தது. பின்னாளில் வந்த ஆய்வு, ஒப்பிடத்தக்க பிற பகுதிகளைவிட மருத்துவமனை அனுமதிகள் தீவிரச் சோதனைக் காலத்தில் 43 சதவீதமும், முழுக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் 25 சதவீதமும் குறைந்ததாக மதிப்பிட்டது. கூடவே ஒரு வேதனையான உண்மையும் தெரிந்தது: நோய் அதிகம் தாக்கிய ஏழைக் குடியிருப்புகளில்தான் சோதனைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு.

வீட்டிலிருக்க யாரால் முடியும்?

ஏழைகள் ஏன் வரவில்லை என்பதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரிட்டனில் அப்போது சட்டப்படியான நோய்க்கால ஊதியம் வாரத்துக்கு 95.85 பவுண்டு. அதில் குடும்பம் நடத்த முடியாது. பாசிட்டிவ் என்று தெரிந்தால் கூலி போகும் என்றால், தெரியாமலிருப்பதே மேல் என்று ஒருவர் நினைப்பதில் வியப்பில்லை. அங்கே நடந்த தொடர் கருத்தாய்வு ஒன்றில், அறிகுறி இருந்தவர்களில் 18 சதவீதம் பேரே சோதனை கேட்டதாகவும், சுமார் 43 சதவீதம் பேரே முழுமையாகத் தனித்திருந்ததாகவும் தெரியவந்தது. பரிசோதனை, தொடர்பாளர் கண்டறிதல் திட்டத்துக்கு இரண்டாண்டுகளில் 3,700 கோடி பவுண்டு ஒதுக்கிய நாடு அது. அத்தனை செலவும் தொற்றின் போக்கை மாற்றியதற்குத் தெளிவான சான்று இல்லை என்று 2021 மார்ச்சில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கடிந்துகொண்டது.

மும்பை தாராவி இதற்கு எதிர்ப்புறமான சான்று. தமிழர்கள் பெருமளவில் வாழும் அந்தப் பகுதியில், இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய பரப்பில் பல லட்சம் மக்கள். 2020 ஏப்ரல் 1 அன்று முதல் தொற்று. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் வாழுமிடத்தில் வீட்டுத் தனிமை என்பது வெறும் சொல். எனவே மாநகராட்சி வீடு வீடாகச் சென்று காய்ச்சலும் ஆக்சிஜன் அளவும் பார்த்தது. முகாம்கள் போட்டுச் சோதித்தது. பள்ளிக்கூடங்களையும் விளையாட்டு வளாகத்தையும் தனிமை மையங்களாக்கி உணவும் மருத்துவமும் தந்தது. ஜூலை 7 அன்று தாராவியில் பதிவான புதிய தொற்று ஒன்றே ஒன்று. அதே மாதம் மும்பையின் வேறு மூன்று வார்டுகளில் எடுத்த ரத்த ஆய்வில் குடிசைப் பகுதி மக்களில் 57 சதவீதம் பேருக்கு நோய் எதிர்ப்பொருள் இருந்தது. சோதனைக்கு வராமலே ஏராளமானோருக்குத் தொற்று வந்துபோனதை அது காட்டியதால், முழுப் புகழையும் பரிசோதனைக்கே தர முடியாது. ஆயினும் சோதனையையும் தங்குமிடத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற பாடத்தை அதைவிடத் தெளிவாக வேறெந்த ஊரும் கற்றுத்தரவில்லை.

தமிழ்நாடு கற்றது

தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிறுவனத்தில் தொடங்கிய கொரோனா சோதனை, 2020 இறுதிக்குள் அரசும் தனியாருமாக 200-க்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு விரிந்தது. அந்த ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த எதிர்ப்பொருள் விரைவுக் கருவிகளின் முடிவுகள் நம்பத்தகாதவை என்று தெரிந்து, மாநிலங்கள் அவற்றைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பல மாநிலங்கள் ஆன்டிஜென் சோதனைகளால் எண்ணிக்கையைக் கூட்டியபோதும் தமிழ்நாடு ஆர்டி-பிசிஆரையே பற்றி நின்றது. கோயம்பேடு சந்தையில் தொற்று கொத்தாக வெடித்த பிறகு சென்னையில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. ஆயிரக்கணக்கான களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். அவர்களில் ஏராளமானோர் பெண்கள். அந்த உழைப்புக்கு இந்த மாநிலம் கடன்பட்டிருக்கிறது.

அந்த உழைப்பிலிருந்து உலகுக்கே பயன்பட்ட ஓர் ஆய்வும் பிறந்தது. தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களில் சுமார் 85,000 தொற்றாளர்களையும் அவர்களோடு தொடர்பிலிருந்த 5.75 லட்சம் பேரையும் பற்றிய தரவுகளை ரமணன் லட்சுமிநாராயணன் குழு ஆராய்ந்து, 2020 செப்டம்பரில் வெளியிட்டது. தொற்றாளர்களில் 70 சதவீதம் பேர் தங்கள் தொடர்பாளர்கள் ஒருவருக்கும் நோயைப் பரப்பவில்லை. புதிய தொற்றுகளில் 60 சதவீதம் வெறும் 8 சதவீதத்தினரிடமிருந்து வந்தது. எல்லோரையும் ஒருமுறை சோதிப்பதைவிட, தொற்று கொத்தாக வெடிக்கும் சந்தை, விடுதி, தொழிற்கூடம், முதியோர் இல்லம் ஆகியவற்றை அடிக்கடி சோதிப்பது ஏன் அதிகப் பலன் தருகிறது என்பதற்கு இந்த எண்களே விளக்கம்.

இன்னொரு பாடமும் உண்டு. 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாட்டில் எடுத்த எதிர்ப்பொருள் ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொற்று வந்துபோனது தெரிந்தது. அப்படியென்றால் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர். அந்த நவம்பர் இறுதியில் சோதனையில் உறுதியான தொற்றுகளோ 8 லட்சத்துக்கும் குறைவு. நாட்டிலேயே அதிகம் சோதித்த மாநிலங்களில் ஒன்றிலேயே நிலைமை இதுவென்றால், தினசரி எண்ணிக்கையை நோயின் முழு உருவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயமும் மக்களைச் சோதனையிலிருந்து விரட்டியது. வீட்டு வாசலில் ஒட்டிய அறிவிப்பு, தகரம் அடித்து மறித்த தெரு, அக்கம்பக்கத்தார் பார்வை எல்லாம் சேர்ந்து, காய்ச்சல் வந்தவரை மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் முடங்கச் செய்தன.

எண்ணிக்கையே இலக்கானால் என்ன ஆகும் என்பதை 2021 ஹரித்வார் கும்பமேளா காட்டியது. நாளொன்றுக்கு 50,000 சோதனைகளாவது செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. பின்னர் நடந்த முதற்கட்ட விசாரணையில், ஏறத்தாழ ஒரு லட்சம் முடிவுகள் போலியானவை என்று தெரிந்து வழக்குப் பதிவானது. மூக்கில் குச்சியே நுழையாத சோதனைகள், தொற்று குறைவு என்ற பொய்யான நிம்மதியைத் தந்தன.

எப்போது நிறுத்துவது?

பரிசோதனையைத் தொடங்குவதைப் போலவே நிறுத்துவதற்கும் தெளிவு வேண்டும். 2020, 2021-இல் சீனாவுக்குக் கைகொடுத்த முறை, உருமாறிய ஒமைக்ரான் வகை வைரஸ் வந்தபின் பலிக்கவில்லை. இரண்டரைக் கோடி மக்கள் வாழும் ஷாங்காய் 2022 வசந்தத்தில் இரண்டு மாதம் முடங்கியது. பெருநகரங்களில் கடைக்குப் போகவும் ரயில் ஏறவும் 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் சான்று கேட்டார்கள். வைரஸோ சோதனை வரிசையைவிட வேகமாகப் பரவியது. முதியவர்களில் பலர், குறிப்பாக 80 வயதைத் தாண்டியவர்கள், தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளாமலே இருந்தார்கள். சோதனை வாங்கித்தந்த காலம் தடுப்பூசிக்குப் போதுமான அளவில் பயன்படவில்லை. 2022 டிசம்பர் 7 அன்று கட்டாயப் பெருந்திரள் சோதனை கைவிடப்பட்டபோது, தொற்று பேரலையாக எழுந்து அந்த முதியவர்களைத் தாக்கியது.

காசநோய் காட்டும் வழி

பெருந்திரள் பரிசோதனை கொரோனாவோடு பிறந்ததன்று. 1957-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஐந்தே வாரங்களில் சுமார் 7 லட்சம் பேருக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்து, காசநோயாளிகளை ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்தது. குணப்படுத்தும் மருந்துகள் அப்போது வந்துவிட்டிருந்ததால், கண்டறிந்தவர்களுக்குக் கொடுக்கக் கையில் ஏதோ இருந்தது. வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கொருமுறை ஊரார் அனைவரையும் சோதித்துச் சிகிச்சை தந்தார்கள். நான்காம் ஆண்டில் அந்த ஊர்களில் காசநோய் லட்சத்துக்கு 126 பேர். அவ்வாறு சோதிக்காத ஊர்களில் 226 பேர். 44 சதவீதக் குறைவு. 2019-இல் வெளியான இந்த ஆய்வு, பரிசோதனையைத் தொடர்ந்து சிகிச்சையும் வீடு தேடி வரும்போது சமூகம் முழுவதற்கும் பலன் கிடைக்கும் என்பதற்கு வலுவான சான்று.

இத்தனை நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு தெளிவாகவே இருக்கிறது. பெருந்திரள் பரிசோதனை பெருந்தொற்றைக் கட்டுப்படுத்த உதவும். ஆனால் தனியாக நின்று உதவாது. தொற்று குறைவாக இருக்கையில் தொடங்க வேண்டும். முடிவு ஒரு நாளைக்குள் வர வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தாமல், பரவல் வெடிக்கும் இடங்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பாசிட்டிவ் வந்தவருக்குத் தங்க இடமும், உண்ண உணவும், இழந்த கூலியும் கிடைக்க வேண்டும். இந்த நான்கில் கடைசியானதையே பெரும்பாலான நாடுகள் கைவிட்டன. இந்தியாவிலும் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர் நோய்க்காலத்தில் ஊதியம் பெறுவதற்கு இன்றுவரை உறுதியான ஏற்பாடு இல்லை.

கொரோனாக் காலத்தில் கட்டிய ஆய்வகங்களும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்களும் இப்போது நம்மிடம் இருக்கிறார்கள். காசநோய்க்கும் டெங்குவுக்கும் அவர்களை முழுமையாகப் பயன்படுத்தி, அந்தத் திறன் துருப்பிடிக்காமல் காப்பது அரசின் கடமை. தனிமைக்கால ஊதியத்தைச் சட்டமாக்குவதும் அடுத்த தொற்று வந்தபின் அவசரமாகச் செய்யும் காரியமாக இருக்கக் கூடாது. அமைதியான இந்த ஆண்டுகளிலேயே இவ்விரண்டையும் செய்து முடிக்கும்படி மக்கள் தங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.